சின்ன மேடைக்குக் கிட்டப் போய்: கொழும்பில் இசைக்குழு கேட்கும் இரவுகள் (வாசகர் கேள்வி பதில்)

சின்ன இடங்களில் வாசிக்கும் உள்ளூர் இசைக்குழுக்களைக் கேட்கப் போவது பற்றி வாசகர்களைக் கேள்விகள் அனுப்பச் சொல்லியிருந்தோம். வந்த கடிதங்களில் பாதிக்கு மேல் ஒரே குறையைச் சொல்லின: "போனோம், சத்தமாக இருந்தது, ஒன்றும் விளங்கவில்லை." அதனால் இந்த முறை எங்கே போவது என்பதோடு எங்கே நிற்பது என்பதற்கும் நிறைய இடம் கொடுத்திருக்கிறோம். ஒலி அமைப்பாளர்களும் மேடையில் வாசிப்பவர்களும் சேர்ந்து எழுதிய பதில்கள் இவை.

சங்கத்து மண்டபத்திலும் கோயில் திருவிழாவிலும் கச்சேரி கேட்டுப் பழகியவன் நான். நண்பர்கள் பாண்ட் கேட்க வரச் சொல்லிக் கூப்பிடுகிறார்கள். கொழும்பில் எங்கே போவது, எத்தனை மணிக்குப் போவது?
– வாசகர், வெள்ளவத்தை

முதலில் எந்த வகை இரவு என்று நண்பர்களிடம் கேளுங்கள். இரண்டு வகை உண்டு, இரண்டுக்கும் ஆயத்தம் வேறு.

ஒன்று, மதுச்சாலைகளிலும் ஹோட்டல்களிலும் கிழமைக்கு ஒருநாள் நிரந்தரமாக வாசிக்கும் குழு. ஏற்கனவே பிரபலமான ஆங்கில, சிங்களப் பாட்டுகளை வாசிப்பார்கள். இரவு எட்டரை, ஒன்பதுக்குத் தொடங்கி, முக்கால் மணித்தியாலம் வாசித்து, கால் மணித்தியாலம் இளைப்பாறி, இப்படி மூன்று சுற்றுப் போகும். பெரும்பாலும் ரிக்கெற் இல்லை. சாப்பிட்டுக் கதைத்துக்கொண்டு கேட்கலாம். மேடைக்கு முன்னால் பேசாமல் இருக்க வேண்டும் என்று யாரும் எதிர்பார்க்க மாட்டார்கள்.

மற்றது, சொந்தப் பாட்டு வைத்திருக்கும் குழுக்களின் நிகழ்ச்சி. இவை பெரும்பாலும் கலாசார நிலையங்களிலும் முற்றங்களிலும் நடக்கும். கறுவாத்தோட்டப் பக்கம் கிரகரீஸ் வீதியில் கோதே நிறுவனம், பார்ன்ஸ் பிளேஸில் அலியான்ஸ் பிரான்ஸேஸ், கில்ஃபோர்ட் கிரசன்ட்டில் லயனல் வென்ட், கொள்ளுப்பிட்டியில் காலி வீதியோடு இருக்கும் பெயார்ஃபுட் முற்றம், ஹவ்லொக் டவுனில் ஸ்கெல்டன் வீதியில் இருக்கும் சூரியா வில்லேஜ் என்பவை இந்த நகரத்து இசைக்காரருக்குப் பழகிய பெயர்கள். ஒரே இரவில் இரண்டு மூன்று குழுக்கள், ஒவ்வொன்றும் முப்பது நாற்பது நிமிடம். இங்கே ஆட்கள் கேட்கத்தான் வருகிறார்கள். முதல் அனுபவத்துக்கு நாங்கள் இதைத்தான் சொல்வோம். 1982இல் பிரான்ஸில் தொடங்கிய இசை நாள் ஜூன் 21இல் வருகிறது. அதையொட்டி ஒரே மாலையில் பல குழுக்களைக் கேட்க வாய்ப்புக் கிடைக்கும்.

அறிவித்தல் பெரும்பாலும் ஒரு கிழமைக்கு முன்புதான் வரும், அதுவும் குழுவின் இன்ஸ்டகிராம் அல்லது பேஸ்புக் பக்கத்தில். நாலு குழுக்களைப் பின்தொடர்ந்தால் மிச்சத்தை அவர்களே காட்டித் தருவார்கள், ஏனென்றால் ஒரே ட்றம்ஸ்காரர் மூன்று குழுவில் வாசிப்பார். போகும் நாளன்று அந்த இடத்துக்கு அழைத்து மூன்று கேள்வி கேளுங்கள்: கதவு எத்தனை மணிக்குத் திறக்கும், முதற்குழு எத்தனை மணிக்கு ஏறும், எத்தனை மணிக்கு முடிக்க வேண்டும். அறிவித்தலில் "7 மணி" என்று இருந்தால் அது அநேகமாகக் கதவு திறக்கும் நேரம். முடியும் நேரம் மட்டும் பெரிதாகத் தள்ளிப்போகாது. இரவு 10 முதல் காலை 6 வரை ஒலிபெருக்கிக்கு அனுமதி கொடுப்பதை உச்ச நீதிமன்றம் 2007இல் மட்டுப்படுத்தியது. அதனால் திறந்த முற்றத்தில் நடக்கும் நிகழ்ச்சிகள் வேளைக்கே தொடங்கி வேளைக்கே முடிகின்றன. உள்ளே, மூடிய இடத்தில் நடப்பவை அந்தந்த இடத்தின் அனுமதியைப் பொறுத்தவை.

போயா (பௌர்ணமி) தினத்தில் மது விற்பனை இல்லை. அதனால் மதுச்சாலை நிகழ்ச்சிகளும் இல்லையென்றே வைத்துக்கொள்ளுங்கள். வெள்ளிக்கிழமை போயாவாக வந்தால் அந்த வார இறுதி நிகழ்ச்சிகள் சனிக்கிழமையில் குவியும். திறந்த முற்றத்துக்கு டிசம்பர் முதல் மார்ச் தொடக்கம் வரை நல்ல காலம். ஒக்டோபர், நவம்பரில் பின்னேர இடிமழை ஒலிச்சோதனை நேரத்தில்தான் வந்து விழும். அந்த மாதங்களில் "மழை வந்தால் உள்ளே மாற்றுவீர்களா, நிறுத்துவீர்களா" என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள்.

முதற்குழுவையே தவறவிடாமல் போங்கள். இடம் இன்னும் நிரம்பியிராது, விரும்பிய இடத்தில் நிற்கலாம். அந்த இரவில் புதிதாக ஏதாவது கேட்கப் போகிறீர்கள் என்றால் அது பெரும்பாலும் முதற்குழுவிடம்தான் இருக்கும்.

இரண்டு தரம் போனேன். இரண்டு தரமும் பாடகியின் வாய் அசைவது தெரிந்தது, சொல் ஒன்றும் விளங்கவில்லை. பாடியவர் சரியில்லையா, ஒலி அமைத்தவர் சரியில்லையா?
– வாசகி, தெகிவளை

இருவர் மேலும் பிழை இல்லாமல் இருக்கலாம். நீங்கள் நின்ற இடம் பிழைத்திருக்கும்.

நெலும் பொக்குண அரங்கில் 1288 இருக்கைகள். அங்கே மேடையில் எழும் சத்தத்தின் பெரும்பகுதி ஸ்பீக்கர் வழியாகத்தான் உங்களிடம் வருகிறது. ஒலி அமைப்பாளர் எதைக் கூட்டுவது, எதைக் குறைப்பது என்று தீர்மானிக்கலாம். எண்பது பேர் நிற்கும் அறையில் கதை வேறு. ட்றம்ஸ் மைக்கே இல்லாமல் நூறு டெசிபெல்லைத் தாண்டும். கிற்றாரின் சத்தம் அதன் சொந்த அம்பிலிருந்து (சத்தத்தைப் பெருக்கும் பெட்டி) நேரே வருகிறது. ஸ்பீக்கரை நம்பியிருப்பது பாட்டுக் குரல் மட்டும்தான். மிக்ஸரில் (மைக்குகளின் சத்தத்தைக் கூட்டிக் குறைக்கும் கருவி) இருப்பவரால் ட்றம்ஸைக் குறைக்க முடியாது. குரலைத்தான் கூட்ட முடியும், அதுவும் மைக் கூவத் தொடங்கும் வரைக்கும்தான். ஸ்பீக்கரில் வரும் குரல் திரும்ப மைக்குக்குள் போய், அது மறுபடி ஸ்பீக்கரில் வந்து, சுற்றிச் சுற்றிப் பெருகுவதுதான் அந்தக் கூவல். போதாததற்குக் குரலுக்கு வைத்த மைக், பின்னால் இருக்கும் ட்றம்ஸின் உலோகத் தட்டுகளின் சத்தத்தையும் சேர்த்தே எடுக்கும். குரலைக் கூட்டக் கூட்டத் தட்டும் கூடும்.

சொல் ஏன் தொலைகிறது என்பதைத் தமிழில் சொல்வது சுலபம்: உயிர் கேட்கும், மெய் தொலையும். ஆ, ஈ, ஓ என்ற நீட்டல்களின் பலம் தாழ்ந்த சுருதிகளில் இருக்கிறது. க், ச், ட், த் என்பவற்றின் தெளிவு 2000 முதல் 4000 ஹேர்ட்ஸ் (செக்கனுக்கு அத்தனை அதிர்வு) பக்கத்திலும் அதற்கு மேலும் இருக்கிறது. தாழ்ந்த சத்தம் ஆட்களைச் சுற்றிக்கொண்டு வரும். உயர்ந்த சத்தம் நேர்கோட்டில் போகும், முன்னால் நிற்பவரின் தலையும் முதுகும் அதை மறித்துவிடும். ஸ்பீக்கரை ஆள் உயரத்துக்கு மேல் தூக்கி வைக்காவிட்டால் ஸ்பீக்கருக்கு நேரே, ஆள் மறிக்காமல் நிற்பவருக்குத்தான் மெய்யெழுத்துக் கேட்கும். பின்வரிசைக்கு ஆலாபனை மட்டும்.

அடுத்த முறை இப்படிச் செய்து பாருங்கள். உள்ளே போனதும் கிற்றார் அம்ப் எந்தப் பக்கம் பார்க்கிறது என்று பாருங்கள். அதன் நேர்முன்னால் நிற்காதீர்கள். அந்தப் பெட்டி டோர்ச் வெளிச்சம்போல ஒரு நேர்கோட்டில் சத்தத்தைத் தள்ளும். இரண்டடி பக்கவாட்டில் நகர்ந்தாலே கிற்றார் பாதியாகும். பிறகு குரல் வரும் ஸ்பீக்கரைத் தேடுங்கள். அதற்கும் உங்களுக்கும் இடையில் ஆள் மறிக்காத கோட்டில், மூன்று முதல் ஐந்து மீற்றர் தூரத்தில் நில்லுங்கள். மேடைக்கு ஒட்டிய முதல் வரிசை பெரும்பாலும் தவறான இடம், ஏனென்றால் ஸ்பீக்கர்கள் உங்களைத் தாண்டிப் பின்னால்தான் பார்க்கின்றன. அங்கே ட்றம்ஸும் அம்பும்தான் கிடைக்கும். எதுவும் புரியாவிட்டால் மிக்ஸருக்குப் பக்கத்தில் போய் நில்லுங்கள். அமைப்பவர் கேட்டு அமைப்பது அந்த இடத்துக்குத்தான்.

பேஸ், அதாவது தாழ்ந்த சத்தம், பற்றியும் ஒரு சொல். 50 ஹேர்ட்ஸ் சத்தத்தின் ஓர் அலை கிட்டத்தட்ட ஏழு மீற்றர் நீளம். சின்ன அறையின் நீளமே அவ்வளவுதான். அதனால் அறைக்குள் அந்த அலை சில இடத்தில் குவிந்தும் சில இடத்தில் இல்லாமலும் நிற்கும். மூலையிலும் சுவரோடும் பேஸ் வீங்கும், குரலை மூடும். நெஞ்சு அதிர்ந்து பாட்டு விளங்காவிட்டால் சுவரை விட்டு ஒரு மீற்றர் வெளியே வாருங்கள். பேஸே கேட்கவில்லையென்றால் அறையின் நட்டநடுவை விட்டு நகருங்கள்.

கொழும்பில் பல இடங்கள் பழைய வீடுகளை மாற்றியவை: சீமெந்துத் தரை, கண்ணாடிக் கதவு, உயர்ந்த கூரை. சத்தம் பட்டுப் பட்டுத் திரும்பும். அப்படியான இடத்தில் குரல் வரும் ஸ்பீக்கருக்கு எவ்வளவு கிட்டப் போகிறீர்களோ அவ்வளவு வடிவாகச் சொல் விளங்கும். ஆட்கள் நிறைந்தால் அந்த எதிரொலி குறையும். உடுப்பும் உடம்பும் சத்தத்தை உறிஞ்சுகின்றன. வெறும் அறையில் ஒலிச்சோதனை செய்தபோது கூர்மையாக இருந்தது, சனம் வந்த பிறகு மங்குவதும் இதனால்தான். நல்ல அமைப்பாளர் இரண்டாவது பாட்டுக்குள் இதைச் சரிசெய்துவிடுவார். ஆகையால் முதற்பாட்டை வைத்து ஒரு குழுவைத் தீர்மானிக்காதீர்கள்.

திரும்பி வந்தபின் காதுக்குள் விடியும்வரை "ஈ" என்ற சத்தம். இது பாதிப்பா?
– வாசகர், பம்பலப்பிட்டி

ஆம், காது சோர்ந்ததன் அடையாளம். பெரும்பாலும் ஒருநாளில் அடங்கும். ஆனால் அடங்கியதால் ஒன்றும் நடக்கவில்லை என்று எண்ண வேண்டாம். உட்காதின் மயிர்க்கலங்கள் திரும்ப முளைப்பதில்லை. ஒவ்வொரு இரவும் கணக்கில் சேருகிறது.

தொழிலிடங்களுக்கான பரவலான கணக்கு இது: 85 டெசிபெல்லில் எட்டு மணித்தியாலம் தாங்கலாம். ஒவ்வொரு 3 டெசிபெல் கூடவும் நேரம் பாதியாகும். 94இல் ஒரு மணித்தியாலம், 100இல் கால் மணித்தியாலம். சின்ன அறையில் ட்றம்ஸோடு வாசிக்கும் குழு 95 முதல் 105 வரை சாதாரணமாகப் போகும். உலக சுகாதார நிறுவனம் 2022இல் இசை நடக்கும் இடங்களுக்கென ஒரு தராதரம் வெளியிட்டது. அதன்படி 15 நிமிடச் சராசரி 100 டெசிபெல்லைத் தாண்டக்கூடாது. போனில் உள்ள அளவி ஒரு குத்துமதிப்புத்தான். அதைவிடச் சுலபமான சோதனை: கை நீட்டும் தூரத்தில் நிற்பவருக்குக் குரலை உயர்த்தித்தான் சொல்ல முடிகிறது என்றால் 85ஐத் தாண்டிவிட்டீர்கள்.

காதடைப்பான் வாங்குங்கள். பார்மசியில் கிடைக்கும் பஞ்சுநுரை அடைப்பான் போதும். பலர் அதைச் செவித்துளை வாசலில் வைத்துவிட்டு வேலை செய்யவில்லை என்கிறார்கள். சுத்தமான கையால் மெல்லிய குச்சிபோல உருட்டுங்கள். மற்றக் கையைத் தலைக்குப் பின்னால் கொண்டுபோய்க் காதுமடலை மேலும் பின்னுமாக இழுத்து, உள்ளே செருகி, அரை நிமிடம் விரலால் பிடித்திருங்கள். நுரை விரிந்து பொருந்தியதும் உங்கள் சொந்தக் குரல் மண்டைக்குள் முழங்கும். அது சரியாகப் போட்டதன் அறிகுறி. நுரை அடைப்பான் உயர்ந்த சத்தத்தைக் கூடுதலாக வெட்டுவதால் இசை போர்வைக்குள் இருந்து வருவதுபோல இருக்கும். அது பிடிக்காவிட்டால் இசைக்காரருக்கென்று செய்யும் அடைப்பான்கள் உண்டு. எல்லாச் சுருதியையும் ஏறத்தாழ ஒரே அளவில் 12 முதல் 20 டெசிபெல் குறைக்கும். மாதம் இரண்டு தரம் போகிறவருக்கு அந்தச் செலவு தகும். வீட்டுப் பஞ்சை உருட்டி வைப்பது ஏறத்தாழ ஒன்றும் வைக்காததுதான்.

மணித்தியாலத்துக்கு ஒருமுறை பத்து நிமிடம் வெளியே வாருங்கள். இரண்டு நாளாகியும் இரைச்சல் நிற்காவிட்டால் காது வைத்தியரிடம் போங்கள். ஒரு காது திடீரென்று அடைத்ததுபோலக் கேட்காமல் போனால் காத்திருக்கவே வேண்டாம், அடுத்த நாளே போங்கள். அதற்கான மருந்து தொடக்க நாட்களில் கொடுத்தால்தான் நன்றாக வேலை செய்யும். பிள்ளைகளைக் கூட்டிப் போனால் அவர்களுக்குத் தலைக்கு மேலால் போடும் காதுமூடி வேண்டும். நுரை அடைப்பான் சின்னக் காதில் நிற்காது.

நாங்கள் மூன்று பெண்கள். போக விருப்பம், திரும்பி வருவதுதான் யோசனை.
– வாசகி, கொட்டாஞ்சேனை

கலாசார நிலைய நிகழ்ச்சியில் இருந்து தொடங்குங்கள். வேளைக்கே முடியும், வாசலில் காவலாளி இருப்பார், வந்திருப்பவர்களும் கேட்க வந்தவர்கள். காலி வீதியில் மொறட்டுவை, பாணந்துறைப் பக்கம் போகும் 101, 100 பஸ்கள் பகலில் தாராளம். இரவு ஒன்பதுக்குப் பிறகு குறைந்துகொண்டே போகும். கடைசி பஸ்ஸை நம்பித் திட்டம் போட வேண்டாம். கொட்டாஞ்சேனைக்கு மூவரும் சேர்ந்து, போன் செயலியில் அழைக்கும் பிக்மீ அல்லது ஊபர் வாகனத்தில் போனால் ஆளுக்குப் பெரிய தொகை வராது.

நிகழ்ச்சி முடிந்த பத்து நிமிடத்துக்குள் எல்லோரும் ஒரே நேரத்தில் வாகனம் கேட்பார்கள். கட்டணம் ஏறும், சாரதி அழைப்பை இரத்துச் செய்வார். கடைசிப் பாட்டுக்கு முன்பே கேட்டுவிடுங்கள், அல்லது இருபது நிமிடம் பொறுத்துக் கேளுங்கள். வாகனம் வரும்வரை உள்ளேயே இருங்கள். இலக்கத் தகட்டைப் பார்த்து, சாரதியே உங்கள் பெயரைச் சொன்ன பிறகு ஏறுங்கள். பயணத்தை வீட்டாருக்குப் பகிரும் வசதி செயலிக்குள்ளேயே இருக்கிறது. போனில் முப்பது வீதமாவது மின்னூட்டம் மிஞ்சியிருக்க வேண்டும், வீடியோ எடுத்தே அதைத் தீர்த்துவிடாதீர்கள். பொருத்தமான செருப்பும் முக்கியம்: மூன்று மணித்தியாலம் நிற்கப் போகிறீர்கள்.

மதுச்சாலை என்றால் அடையாள அட்டை கொண்டு போங்கள். 21 வயதுக்குக் குறைந்தவருக்கு மது விற்பது 2006ஆம் ஆண்டின் 27ஆம் இலக்கச் சட்டப்படி குற்றம். அதனால் பல இடங்களில் வாசலிலேயே வயது பார்க்கிறார்கள்.

வாசலில் 2000 ரூபா வாங்கினார்கள், "ரிடீமபிள்" என்றார்கள். பிறகு பில்லில் நினைத்ததைவிடக் கூட வந்தது. என்ன கணக்கு?
– வாசகர், கிருலப்பனை

"ரிடீமபிள்" என்றால் அந்த 2000க்கு உள்ளே சாப்பிடலாம், குடிக்கலாம். மிஞ்சினால் திருப்பித் தர மாட்டார்கள். மெனுவில் போட்டிருக்கும் விலை பல இடங்களில் வெறும் விலை. அதன் மேல் 10 வீதம் சேவைக் கட்டணமும், 2024 ஜனவரியில் இருந்து 18 வீதமாக இருக்கும் வற் வரியும் வரும். 1000 ரூபாச் சாப்பாடு 1300க்குக் கிட்டப் போகும். "இது நெற் விலையா, எல்லாம் சேர்ந்ததா?" என்று ஓடர் கொடுக்கும்போதே கேளுங்கள்.

இன்னொன்றும் கவனியுங்கள். திருப்பிச் சாப்பிடக்கூடிய வாசற்காசு இடத்துக்காரரின் வியாபாரத்துக்குப் போகிறது. குழு பெரும்பாலும் பேசிய தொகையைத்தான் வாங்கும். திருப்பிச் சாப்பிட முடியாத ரிக்கெற் என்றால் அதில் குழுவுக்குப் பங்கு இருக்க வாய்ப்புக் கூட. "இலவசமாக விடமாட்டீர்களா" என்று தெரிந்த வாத்தியக்காரரிடம் கேட்கும் பழக்கத்தை நாங்கள் விரும்பவில்லை. ஐந்து பேர் கொண்ட குழு, ஒத்திகை மண்டப வாடகை, சாமான் ஏற்றிய வான் கூலி என்று கழித்துவிட்டுப் பார்த்தால் ஆளுக்கு மிஞ்சுவது அந்த ஒரு ரிக்கெற் அளவுதான்.

தமிழ்ப் பாட்டு வாசிப்பார்களா? எப்படிக் கேட்பது?
– வாசகி, வத்தளை

மதுச்சாலைக் குழுக்களில் தமிழ் இரண்டு மூன்று பாட்டுத்தான் இருக்கும், அவையும் பெரும்பாலும் சினிமாப் பாட்டுகள். இங்கே எப்போதும் அப்படி இருந்ததில்லை. 1970களில் நித்தி கனகரத்தினமும் ஏ. ஈ. மனோகரனும் பரப்பிய தமிழ்ப் பொப் இந்தத் தீவின் சொந்தச் சரக்கு. அதை வாசிக்கச் சொல்லிக் கேட்பவர் இருந்தால் குழுக்கள் பழகும், கேட்பாரில்லாததால்தான் பழகவில்லை.

கேட்கும் விதம் முக்கியம். பாட்டு நடுவில் போய்க் காதில் கத்தாதீர்கள். முதற்சுற்று முடிந்த இடைவேளையில், பாடுபவரிடம் அல்லாமல் கீபோர்ட் வாசிப்பவரிடம் போங்கள். ஒரு பாட்டைக் கேட்டு உடனே ஸ்வரம் பிடிப்பவர் அநேகமாக அவர்தான். பாட்டின் முதலடியை ஆங்கில எழுத்தில் ஒரு துண்டில் எழுதிக் கொடுங்கள், போனில் பல்லவியை அரை நிமிடம் போட்டுக் காட்டுங்கள். ஆறெட்டுத் தாளப் பாட்டாகத் தெரிந்தெடுங்கள். கொழும்பில் எந்த ட்றம்ஸ்காரருக்கும் பைலா என்ற இந்நாட்டு ஆட்டப்பாட்டுக் கைவந்தது, பைலா ஆறெட்டு. நம்முடைய தெம்மாங்கு மெட்டுகளில் பல திஸ்ர நடையில் அதே இடத்தில் வந்து உட்காரும். அப்படியான பாட்டென்றால் ஒத்திகையே இல்லாமல் தூக்கிவிடுவார்கள். மெல்லிய, நீண்ட ஆலாபனைப் பாட்டைக் கேட்டால் மரியாதையாக "தெரியாது" என்பார்கள்.

சொந்தப் பாட்டுக் குழுவிடம் வேண்டுகோள் வைக்காதீர்கள். அவர்களுடைய பாட்டைக் கேட்கத்தான் அந்த இரவு.

நாங்கள் ஐவர்: பாட்டு, மிருதங்கம், வயலின், பேஸ் கிற்றார், கீபோர்ட். முதன்முறையாகச் சின்ன இடமொன்றில் 40 நிமிடம் தந்திருக்கிறார்கள். என்ன ஆயத்தம் செய்ய வேண்டும்?
– வாசகர், ஜம்பட்டா வீதி

ஒரு கிழமைக்கு முன்பே ஒற்றைத் தாளில் இரண்டு விடயம் எழுதி அனுப்புங்கள்: யார் மேடையில் எங்கே, எத்தனை இணைப்பு வேண்டும். உங்கள் கணக்கு: முதற்குரல் 1, துணைக்குரல் 1, மிருதங்கம் 2, வயலின் 1, பேஸ் 1, கீபோர்ட் 2, மொத்தம் 8. மிக்ஸரில் இடம் போதாவிட்டால் கீபோர்டை ஒன்றாக்கலாம். மிருதங்கத்தை ஒன்றாக்க வேண்டாம்.

உங்களுடைய பெரிய சிக்கல் சுருதி. மேற்கத்தைய குழு ஒவ்வொரு பாட்டையும் ஒவ்வொரு ஸ்வரத்தில் வைக்கும். மிருதங்கத்தின் வலந்தலை (வலக்கைப் பக்கத் தோல்) ஒரே சுருதிக்குத்தான் சேர்ந்திருக்கும். பாட்டு நடுவே கல்லும் கட்டையும் எடுத்துத் தட்டிக்கொண்டிருந்தால் 40 நிமிடத்தில் பத்து போய்விடும். எல்லாப் பாட்டையும் ஒரே சுருதிக்குக் கொண்டுவாருங்கள், அல்லது இரண்டு மிருதங்கம் கொண்டுபோய்ப் பாட்டுகளை இரண்டு கூட்டமாக அடுக்குங்கள். பட்டியலில் சுருதியின் கட்டை இலக்கத்தையும் மேற்கத்தைய எழுத்தையும் சேர்த்தே எழுதுங்கள்: ஒரு கட்டை என்றால் சி, ஐந்து கட்டை ஜி, ஐந்தரை ஜி ஷார்ப். பேஸ்காரர் கட்டைக் கணக்கில் யோசிக்க மாட்டார். கீபோர்டில் ட்ரான்ஸ்போஸ் (சுருதி மாற்றும் வசதி) போட்டு வாசிப்பவர் தான் அழுத்தும் விசையைச் சொல்லாமல் உண்மையில் ஒலிக்கும் ஸ்வரத்தைச் சொல்ல வேண்டும். முதல் ஒத்திகையில் பெரும்பாலான குழப்பம் இதில்தான் வரும்.

தோல் ஈரத்தை இழுக்கும். கொழும்பின் மாலைக் காற்றில் சுருதி இறங்கும். குளிரூட்டிய அறைக்குள் போனால் காய்ந்து ஏறும். வீட்டில் சேர்த்துக்கொண்டு போனது மேடையில் நிற்காது. மிருதங்கத்தை உறையிலிருந்து எடுத்து, வாசிக்கப்போகும் அறையிலேயே ஒரு மணித்தியாலம் வைத்துவிட்டுப் பிறகு சேருங்கள். தொப்பியில் (இடக்கைப் பக்கத் தோல்) பூசிய ரவை குளிர்க்காற்று நேரே பட்டால் வெடித்து உதிரும். குழைத்த ரவை கொஞ்சமும் ஈரத்துணியும் கையோடு இருக்கட்டும்.

மைக் வைக்கும்போது வலந்தலைக்கு ஒன்று, தொப்பிக்கு ஒன்று, இரண்டும் தோலில் இருந்து 10 முதல் 15 சென்ரிமீற்றர், சற்றுச் சரிவாக. வலந்தலை மைக்கில் 100 ஹேர்ட்ஸுக்குக் கீழே வெட்டச் சொல்லுங்கள். தொப்பியின் கும்கி என்ற தாழ்ந்த நாதத்தை மற்ற மைக் தரட்டும். சின்ன மேடையில் முதலில் கூவுவது தொப்பி மைக்தான், அதுவும் "ஊம்" என்று தாழ்ந்த சத்தத்தில். பேஸ் ஸ்பீக்கர் அந்தப் பக்கத்தில் இருந்தால் தோல் அதோடு சேர்ந்து அதிரும், அதை மைக் எடுக்கும், அது திரும்பவும் ஸ்பீக்கருக்குப் போகும். மிருதங்கக்காரரைப் பேஸ் ஸ்பீக்கருக்கு எதிர்ப்பக்கம் இருத்துங்கள். அவரைத் தரையில் இருத்தவும் வேண்டாம். முழங்கால் உயரத்தில் உறுதியான மேடைப்பலகை கேளுங்கள். தரையில் இருந்தால் நிற்கும் சனத்துக்கு அவர் தெரியவே மாட்டார்.

வயலினுக்குப் பிக்கப் (அதிர்வை மின்னாக மாற்றும் சின்ன வில்லை) ஒட்டுவீர்கள் என்றால் அதை மிக்ஸரில் நேரே குத்தாதீர்கள். அந்த வகைப் பிக்கப்பின் மின்தடை மிக அதிகம். சாதாரண உள்ளீட்டில் குத்தினால் தாழ்ந்த சுருதிகள் எல்லாம் வடிந்துபோய், தகரத்தைக் கீறுவதுபோல வரும். ஒரு மெகாஓம் அல்லது அதற்கு மேல் உள்ளீடு உள்ள ப்ரீஅம்ப் அல்லது டி.ஐ. பெட்டி (வாத்தியத்தை மிக்ஸரோடு பொருந்த இணைக்கும் சின்னப் பெட்டி) ஒன்றை நீங்களே கொண்டுபோங்கள். 9 வோல்ட் பற்றரி புதிதாக ஒன்று, மேலதிகமாக ஒன்று.

மின்சாரம்: சில இடத்தில் சதுர 13 அம்பியர் செருகி, பழைய கட்டடத்தில் வட்ட ஊசி. இரண்டுக்கும் பொருந்தும் மாற்றியும், மண்கம்பி உள்ள ஐந்து மீற்றர் நீட்டு வயரும் எடுத்துக்கொள்ளுங்கள். மேடைச் சாமான்கள் எல்லாவற்றுக்கும் ஒரே இடத்தில் இருந்து மின் எடுத்தால் "ம்ம்" என்ற 50 ஹேர்ட்ஸ் இரைச்சல் பெரும்பாலும் வராது. வந்தால் டி.ஐ. பெட்டியில் உள்ள மண்துண்டிப்பு விசையைத் தட்டுங்கள். செருகியின் மண் ஊசியை உடைத்தோ கழற்றியோ இரைச்சலை நிறுத்தும் வேலை உயிருக்கு ஆபத்து. ஒரு கையில் கிற்றார்க் கம்பியும் உதட்டில் மைக்கும் படும்போது மின் அந்த வழியால் ஓடும். எவர் சொன்னாலும் செய்யாதீர்கள்.

தம்புராவைப் போனில் போடுவீர்கள் என்றால் விமானப் பயன்முறையில் போடுங்கள். மற்றக் குழுக்களோடு மாறும் இடைவெளி 15 நிமிடம்தான் கிடைக்கும். சோதிக்கும் ஒழுங்கு: தொப்பி, வலந்தலை, பேஸ், கீபோர்ட், வயலின், கடைசியாகக் குரல். ஒவ்வொன்றும் ஒரு நிமிடம், நிகழ்ச்சியில் வாசிக்கும் அதே பலத்தோடு. சோதனையில் மெல்லத் தட்டி மேடையில் தனி ஆவர்த்தனம்போல அடித்தால் அமைப்பாளர் போட்ட கணக்கெல்லாம் பிழைக்கும். கடைசியில் உங்கள் மிகச் சத்தமான பாட்டில் அரைவாசியை வாசித்துப் பாருங்கள். உங்களுக்குக் கேட்க மேடையில் வைத்த காலடி ஸ்பீக்கரில் குரலும் சுருதியும் மட்டும் கேளுங்கள். ஐவரும் "எனக்கு இன்னும் கூட்டுங்கள்" என்றால் ஐந்தாவது நிமிடத்தில் மைக் கூவும். பாடுபவர் மைக்கின் வலைத்தலையைக் கையால் பொத்திப் பிடிக்கக்கூடாது. பின்பக்கச் சத்தத்தைத் தடுக்கும் துளைகள் மூடிப்போய், மைக் எல்லாத் திசையிலும் கேட்கத் தொடங்கிவிடும். உதட்டிலிருந்து இரண்டு விரல் தூரம் போதும். தூரம் இரட்டித்தால் 6 டெசிபெல் போய்விடும், அதை ஈடுசெய்யக் கூட்டினால் மறுபடி கூவல்.

40 நிமிடத்துக்கு ஆறு பாட்டு. ஏழாவது கையில் இருக்கட்டும். காசு பேசும்போது தொகையா, வாசற்பங்கா, ஒலி அமைப்பாளருக்கு யார் கொடுப்பது என்ற மூன்றையும் வட்ஸ்அப்பிலாவது எழுத்தில் வாங்குங்கள்.

போனில் எடுத்த வீடியோவில் ஒரே கரகரப்பு. நல்ல போன்தான்.
– வாசகர், பொரளை

போனின் மைக் அவ்வளவு சத்தத்துக்குச் செய்ததல்ல. ஸ்பீக்கருக்கு முன்னால் நின்று எடுத்தால் வெட்டுப்படும், பிறகு எந்தச் செயலியாலும் திருத்த முடியாது. பின்னால், மிக்ஸருக்குப் பக்கத்தில் நின்று, போனை மார்பு மட்டத்தில் பிடித்து எடுங்கள். மைக் துளை போனின் அடியில் இருக்கும், விரலால் மூட வேண்டாம். ஃபிளாஷ் வேண்டாம், அது வாசிப்பவரின் கண்ணைக் கூசவைப்பதைத் தவிர எதுவும் செய்யாது. ஒரு பாட்டு எடுத்தால் போதும், பதிவேற்றினால் குழுவின் பெயரைச் சரியாக எழுதி இணையுங்கள். இன்னும் வெளிவராத பாட்டு என்று மேடையில் சொன்னால் அதைப் போட வேண்டாம்.

நிகழ்ச்சி முடிந்ததும் வாசித்தவர்களோடு கதைக்கலாமா?
– வாசகி, இரத்மலானை

தாராளமாக. ஆனால் அவர்கள் சாமான் கழற்றும் பத்து நிமிடத்தை விட்டுவிடுங்கள். அடுத்த குழு ஏறக் காத்திருக்கும், அந்த நேரத்தில்தான் வயர்கள் மாறிப்போகும், பெடல் தொலையும். பெட்டிகளை ஓரத்தில் அடுக்கி முடித்ததும் போய், எந்தப் பாட்டின் எந்த இடம் பிடித்தது என்று சொல்லுங்கள். "நல்லா இருந்தது" என்பதைவிட "மூன்றாவது பாட்டில் வயலின் தனியே வந்த இடம்" என்று சொன்னால் அடுத்த நிகழ்ச்சிக்கு அதை வெட்டாமல் வைத்திருப்பார்கள். டீசேர்ட்டோ சீடியோ மேசையில் இருந்தால் அங்கேயே வாங்குங்கள், மாற்றிய காசோடு போனால் அவர்களுக்கும் சுகம். அடுத்தது எப்போது, எங்கே என்று கேட்டு, நாளை அங்கேயே போனில் குறித்துக்கொள்ளுங்கள்.